உடைந்த கிட்டாரும் ஒரு துண்டு எலும்பும்

கலைத் திருவிழாவுக்குப் பதினைந்து நாள்கள் இருக்கும்போது எங்கள் பள்ளியின் ஒரே கிட்டார் உடைந்தது. முழுவதும் உடையவில்லை. கம்பிகள் ஆறும் தலைப்பகுதியிலிருந்து கழுத்துக்கு இறங்கும் இடத்தில் வெள்ளையாக ஒரு சிறு பட்டை இருக்கும். அதில் ஆறு காடிகள் வெட்டியிருப்பார்கள். ஒவ்வொரு கம்பியும் தன் காடியில் உட்கார்ந்துதான் மேலே முறுக்காணிக்குப் போகும். கிட்டார் வாசிப்பவர்கள் அதை 'நட்டு' என்கிறார்கள். அந்தப் பிளாஸ்டிக் பட்டைதான் இரண்டாகப் பிளந்துபோனது. சுண்டுவிரல் நீளம்கூட இல்லாத பொருள். அது இல்லாவிட்டால் கிட்டார் வெறும் பெட்டி.

மதுரைக்குப் போன ஒரு சனிக்கிழமை கடையில் விசாரித்தேன். "அளவு தெரியாமக் குடுத்தா உக்காராது சார், கிட்டாரயே கொண்டாங்க" என்றார்கள். திங்கட்கிழமை எட்டாம் வகுப்பில் இதைச் சொன்னபோது முன்வரிசையில் இருந்த ஒரு மாணவி, "நாமளே செஞ்சா என்ன சார்?" என்று கேட்டாள். அந்த வாரம்தான் ஒலியியல் பாடத்தைத் தொடங்கியிருந்தேன். அந்தக் கேள்வி என் பாடக்குறிப்பை ஏறக்குறைய ஒரு மாதத்துக்குக் கலைத்துப்போட்டது. அதில் நடந்ததையும், இடையில் நான் செய்த தவறு ஒன்றையும் ஆசிரிய நண்பர்களுடன் பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

எந்தப் பொருளில் செய்வது என்று முதலில் முடிவு செய்ய வேண்டும். அதற்கு ஒரு சோதனை அமைத்தோம். செலவு எதுவும் இல்லை. ஒரு மேசை, தூண்டில் நரம்பு இரண்டு மீட்டர், தண்ணீர் நிரப்பிய ஒரு லிட்டர் பாட்டில். நரம்பின் ஒரு முனையை மேசைக் காலில் கட்டி, மேசைமேல் ஓட்டி, மறுமுனையில் பாட்டிலைத் தொங்கவிட வேண்டும். இழுவிசை மாறாமல் இருக்கும். மேசைமேல் ஓடும் நரம்புக்கு அடியில் இரண்டு முட்டுகள். ஒன்றை அப்படியே வைத்துக்கொண்டு மற்றொன்றின் இடத்தில் ஒவ்வொரு பொருளாக மாற்றி வைத்து மீட்ட வேண்டும். ஒரு மாணவர் காதை மேசையில் வைத்து, ஒலி அடங்கும்வரை எண்ண வேண்டும்.

அழிப்பான் வைத்தால் 'தொப்' என்று செத்துப்போகிறது. சுண்ணக்கட்டி பரவாயில்லை, ஆனால் நரம்பு அதை அறுத்துக்கொண்டு இறங்கிவிடுகிறது. வேப்பங்குச்சி, புளியமரத் துண்டு, கொட்டாங்கச்சி என்று போகப்போக எண்ணிக்கை கூடிற்று. மேலூர்ப் பிள்ளைகள் கல்லை விடுவார்களா? பட்டறையில் கழித்துப்போட்ட கிரானைட் சில்லு ஒன்று மறுநாளே வந்துவிட்டது. அதுதான் எல்லாவற்றையும்விடத் தெளிவாக ஒலித்தது. மீனாட்சியம்மன் கோவில் இசைத்தூண்களைத் தட்டிப் பார்த்தவர்களுக்கு அதில் வியப்பு இருக்காது. ஆனால் அந்தச் சில்லில் ஆறு காடிகளை எங்கள் அரத்தால் வெட்ட முடியவில்லை. காடி வெட்டும் அளவுக்கு இளகியதாகவும், கம்பி அறுக்காத அளவுக்குக் கடினமாகவும் இருக்க வேண்டும். மென்மையான பொருள் அதிர்வின் ஆற்றலை விழுங்கிவிடும். கடினமான பொருள் அதைக் கம்பிக்கே திருப்பிவிடும். இதைப் பாடநூலைத் திறக்காமலே பிள்ளைகள் சொன்னார்கள்.

ஒரு மாணவன் இன்னொன்றையும் கண்டுபிடித்தான். கிட்டாரில் விரலை வைத்து அழுத்தினால் கம்பி உலோக மெட்டில்தானே முட்டுகிறது, அப்போது நட்டுக்கு என்ன வேலை என்றான். சரிதான். விரல் வைக்காமல் மீட்டும்போது மட்டுமே நட்டின் பொருள் காதுக்குத் தெரியும். நான் யோசிக்காத கேள்வி.

கிட்டார் செய்பவர்கள் உலகெங்கும் இந்தச் சிறு பட்டைக்கு எதையெல்லாம் பயன்படுத்தியிருக்கிறார்கள் என்று அன்றிரவு தேடிக் குறிப்பெடுத்தேன். முதலில் எலும்பு, பெரும்பாலும் மாட்டின் கால் எலும்பு. பிறகு யானைத் தந்தம். 1989இல் ஆப்பிரிக்க யானைத் தந்த வணிகத்தைப் பன்னாட்டு உடன்படிக்கை தடை செய்த பிறகு, சைபீரியாவின் உறைமண்ணிலிருந்து தோண்டி எடுக்கும் மாமூத் தந்தத்தைச் சிலர் நாடினார்கள். அழிந்துபோன யானையின் பல்லில் கம்பி உட்கார்ந்து பாடுகிறது என்று சொன்னபோது வகுப்பு வாயைப் பிளந்தது. நம் தஞ்சாவூர் வீணையிலும் முன்பு தந்தத்தில் பூவேலை செய்வார்கள். இப்போது பிளாஸ்டிக்.

எனக்குப் பிடித்தது தென் அமெரிக்காவின் டாகுவா. ஈக்வடார் பக்கம் வளரும் ஒரு பனை வகை. அதன் விதை இளசாக இருக்கும்போது உள்ளே நீர், பிறகு வழுக்கை, முற்றினால் தந்தம்போல வெள்ளையாக, கல்லாக இறுகிவிடும். சட்டைப் பொத்தான்கள் செய்வார்கள், கிட்டாருக்கு நட்டும் செய்வார்கள். நான் சொல்லி முடிப்பதற்குள் "நுங்கு சார்!" என்று நாலைந்து குரல்கள். நுங்கு முற்றினால் என்ன ஆகும் என்று மதுரைப் பக்கத்துப் பிள்ளைகளுக்குச் சொல்லித்தரவா வேண்டும்? ஆவணி கழிந்த காலம். கிழங்குக்காகக் குவித்துவைத்த பனங்கொட்டைகளில் பத்துப் பன்னிரண்டு வகுப்புக்கு வந்தன. ரம்பத்தால் அறுத்தோம். உள்ளே தேங்காய்ப் பருப்புபோல வெள்ளை வளையம், ஆனால் பல்லுக்கு அசையாத கடினம். தேய்த்தால் பளபளவென்று தந்த நிறம் வந்தது. எங்களுக்கு ஒரே கொண்டாட்டம். மூன்றாம் நாள் காய்ந்ததும் கீறல் விட்டது. வளைவும் அதிகம், வேண்டிய நீளத்துக்கு நேரான துண்டு கிடைக்கவில்லை. ஆனாலும் வித்திலைத் தாவரம், கருவூண் என்றெல்லாம் தாவரவியல் ஆசிரியை அந்தத் துண்டுகளை வைத்தே ஒரு பாடவேளை எடுத்துவிட்டார்.

இனி நான் செய்த தவறு.

பனங்கொட்டை தோற்ற மறுநாள், பின்வரிசையில் உட்காரும் ஒரு மாணவன் செய்தித்தாளில் சுற்றி ஒன்றைக் கொண்டுவந்தான். அதிகம் பேசாத பையன். பிரித்தால் ஒரு சாண் நீளத்தில் எலும்பு. வேகவைத்து, சாம்பலும் சோப்பும் போட்டு ஊறவைத்து, வெயிலில் காயவைத்தது. வாடை துளியும் இல்லை. அவன் தாத்தா பறை செய்பவர், சாவுக்கும் திருவிழாவுக்கும் அடிப்பவர். "மாட்டெலும்புடா" என்று யாரோ சொன்னார்கள். ஒரு சிரிப்பு. இரண்டு பேர் பெஞ்சை விட்டு நகர்ந்து உட்கார்ந்தார்கள். ஒரு மாணவி மூக்கைப் பொத்தினாள். நான் என்ன செய்தேன்? "சரி, அத வெளிய தாழ்வாரத்துல வை, அப்புறம் பாப்போம்" என்றேன்.

என் மேசைமேல் திறந்திருந்த குறிப்பேட்டில் என் கையெழுத்தில் முதல் வரியாக 'எலும்பு' என்று எழுதியிருந்தது. உலகம் முழுவதும் தேடி நான் எழுதி வைத்த பொருளை ஒரு பிள்ளை சுத்தம் செய்து கொண்டுவந்து நீட்டுகிறான். நான் அதை வெளியே வைக்கச் சொல்கிறேன். அவன் தாழ்வாரத்தில் வைக்கவில்லை. மறுபடி தாளில் சுற்றிப் பைக்குள் வைத்துக்கொண்டான். அடுத்த இரண்டு நாள்கள் பள்ளிக்கு வரவில்லை.

அந்த இரண்டு நாள்களில் எனக்கு நினைவு வந்தது வேறொன்று. சிறுவனாக இருந்தபோது மதுரையில் மூன்று ஆண்டுகள் மிருதங்கம் கற்றுக்கொண்டேன். ஆறு மாதத்துக்கு ஒருமுறை வார் இழுத்துக் கட்ட ஒருவர் வருவார். திண்ணையில் உட்கார்ந்தே வேலையை முடிப்பார். அவருக்குக் காப்பி வேறு தம்ளரில் போகும். அவர் தொட்டு முடித்த மிருதங்கம் பூஜை அறைக்குள் போகும். இதில் ஏதோ பொருந்தவில்லை என்று எனக்கு அந்த வயதில் தோன்றவே இல்லை. அவர் பெயரைக்கூட நான் கேட்டுவைத்துக்கொள்ளவில்லை. மிருதங்கம் செய்பவர்களைப் பற்றி டி.எம். கிருஷ்ணா ஆங்கிலத்தில் எழுதி 2020இல் வெளிவந்த 'செபாஸ்டியன் அண்ட் சன்ஸ்' நூலைப் படித்தபோதுதான் அந்தத் தம்ளர் நினைவுக்கு வந்தது. பிறகு மறந்துவிட்டேன். இப்போது மறுபடியும்.

அவன் திரும்பி வந்த நாளில் வகுப்பில் எலும்பைப் பற்றிப் பேசவில்லை. வீட்டுப் பரணிலிருந்து என் பழைய மிருதங்கத்தை எடுத்துப்போனேன். இதில் என்னென்ன இருக்கிறது என்று கேட்டேன். பலா மரம் என்றார்கள். தோல் என்றார்கள். என்ன தோல் என்றதும் அமைதி. ஆடு, பசு, எருமை, மூன்றின் தோலும் இதில் இருக்கிறது என்றேன். வலந்தலையின் நடுவில் இருக்கும் கறுப்பு வட்டம், கரணை, ஒருவகைக் கல்லைப் பொடித்துச் சோற்றோடு சேர்த்து அரைத்துப் பூசியது. மெல்லிய படலங்களாகப் பூசி, ஒவ்வொன்றையும் வழுவழுப்பான கல்லால் தேய்த்து ஏற்ற வேண்டும். இடந்தலைக்குக் கச்சேரிக்கு முன் ரவையைப் பிசைந்து அப்புவார்கள். அதாவது சோறும் ரவையும் கல்லும் மூன்று விலங்குகளின் தோலும் சேர்ந்ததுதான் நாம் கைகூப்பிக் கேட்கும் வாத்தியம்.

அந்தக் கறுப்பு வட்டம் அலங்காரமில்லை. இதை உயர்நிலை வகுப்பு இயற்பியல் ஆசிரியர்கள் அவசியம் வகுப்புக்குக் கொண்டுபோக வேண்டும். சாதாரணமாக இழுத்துக் கட்டிய வட்டத் தோலில் பிறக்கும் மேல் அதிர்வெண்கள் அடிப்படை அதிர்வெண்ணைப்போல 1.59 மடங்கு, 2.14 மடங்கு, 2.30 மடங்கு என்று ஒழுங்கில்லாமல் வரும். அதனால்தான் பல கொட்டுகளில் சத்தம் இருக்கும், சுருதி இருக்காது. கம்பியிலோ 1, 2, 3, 4 என்று முழு மடங்குகளாக வரும். நடுவில் கரணையை ஏற்றியதும் தோலின் அதிர்வெண்களும் ஏறக்குறைய முழு மடங்குகளாக ஒழுங்குபட்டுவிடுகின்றன. தோல் கம்பியைப்போலப் பேசத் தொடங்குகிறது. சர் சி.வி. ராமன் இதை 1920இல் சிவகாலி குமாருடன் சேர்ந்து 'நேச்சர்' இதழில் எழுதினார். 1934இல் இந்தியத் தோல் வாத்தியங்களைப் பற்றி விரிவாகவும் எழுதினார். இந்தக் கணக்கை ராமன் எழுதுவதற்கு எத்தனையோ தலைமுறைக்கு முன்பே திண்ணையில் உட்கார்ந்து சோற்றையும் கல்லையும் அரைத்தவர்கள் காதால் கண்டுபிடித்து வைத்திருந்தார்கள்.

சொல்லி முடித்துவிட்டு அந்த மாணவனிடம், "அன்னைக்கு உன் எலும்ப வெளிய வைக்கச் சொன்னது என் தப்புப்பா. அதுதான் நமக்கு வேணும். இருக்கா?" என்று எல்லோர் முன்னும் கேட்டேன். பையிலேயே இருந்தது.

அடுத்த புதன்கிழமை தலைமை ஆசிரியரின் அனுமதியோடு அவன் தாத்தாவை வரவழைத்தோம். பறையோடு வந்தவர் வகுப்பு வாசலிலேயே நின்றுவிட்டார். "உள்ள வாங்கய்யா" என்று இரண்டு முறை கூப்பிட்டும், "இருக்கட்டும் வாத்தியாரய்யா, இங்ஙனயே நிக்கிறேன்" என்றார். பேரன் போய்க் கையைப் பிடித்து இழுத்துவந்து என் நாற்காலியில் உட்காரவைத்தான்.

மரச்சட்டம், கன்றுத்தோல், அதை ஒட்டுவதற்குப் புளியங்கொட்டைப் பசை என்று அவர் ஒவ்வொன்றாகக் காட்டினார். புளியங்கொட்டையை எப்படி வறுத்து, ஊறவைத்து, அரைப்பது என்பதை மட்டும் கால் மணி நேரம் சொன்னார். அடிப்பதற்கு முன் பறையைத் தீயில் காய்ச்ச வேண்டும் என்றார். ஏன் என்று பிள்ளைகளிடம் கேட்டேன். சூடானால் பொருள்கள் விரியும், ஆகவே தோல் தளர்ந்து சுருதி இறங்க வேண்டும் என்று ஒரு குழு வாதாடியது. பாடநூல்படி அது சரியான ஊகம்தான். மைதானத்தில் வைக்கோலைக் கொளுத்திச் சோதித்தோம். பக்கத்தில் இரண்டு வாளி தண்ணீர். கைப்பேசியில் சுருதி பார்க்கும் செயலி. காய்ச்சும் முன் ஒரு அடி, காய்ச்சிய பின் ஒரு அடி. சுருதி நன்றாக மேலேறியது. தோல் ஈரத்தை உறிஞ்சும் பொருள், சூட்டில் அந்த ஈரம் போய்ச் சுருங்குகிறது, இழுவிசை கூடுகிறது. ஊகித்த குழுவுக்கு ஏமாற்றம். எனக்கு அந்த ஏமாற்றம்தான் அன்றைய பாடத்தின் நல்ல பகுதி. தோலிலும் எலும்பிலும் இருப்பது கொலாஜன் என்னும் ஒரே புரதம். எலும்பில் அதனோடு கால்சியம் பாஸ்பேட்டும் சேர்ந்திருப்பதால் அது கடினமாகவும் எளிதில் நொறுங்காததாகவும் இருக்கிறது என்பதை அங்கேயே நின்று சொன்னேன்.

கம்பிக்கும் இதே கதைதான். ஐரோப்பாவில் கிட்டார் கம்பிகளை நெடுங்காலம் ஆட்டுக் குடலில் முறுக்கினார்கள். இரண்டாம் உலகப் போரின்போது குடல் நூல் அறுவைத் தையலுக்குத் தேவைப்பட்டதால் தட்டுப்பாடு வந்தது. போருக்குப் பிறகு நியூயார்க்கில் ஆல்பர்ட் அகஸ்டின் என்னும் கைவினைஞர் நைலான் கம்பிகளைச் செய்து கொடுத்தார். நாம் யாழின் கம்பியை 'நரம்பு' என்றே அழைத்தோம். நைலானில் வந்த பிறகும் 'தூண்டில் நரம்பு' என்றுதானே சொல்கிறோம்!

எலும்பை அறுத்துத் தேய்ப்பதற்கு நான்கு நாள்கள் பிடித்தன. பழைய நட்டின் துண்டுகளை ஒட்டி அளவு எடுத்தார்கள். தூள் மூக்கில் ஏறக்கூடாது என்பதால் நனைத்துக்கொண்டே தேய்க்க வேண்டும், முகக்கவசமும் கட்டாயம். ஊசி அரத்தில் ஆறு காடிகள். கடைசிக் கம்பியின் காடி ஆழமாகிவிட்டது, மீட்டினால் 'கிர்ர்' என்று மெட்டில் உரசியது. பள்ளிக்கு எதிரே மரவேலை செய்யும் ஆசாரி ஒரு வழி சொன்னார். தேய்த்த எலும்புத் தூளையே அந்தக் காடியில் நிரப்பி, ஒரு சொட்டு ஃபெவி குவிக் விட்டு, இறுகியதும் மறுபடி வெட்டச் சொன்னார். வெளிநாட்டுக் கிட்டார் கைவினைஞர்களும் இதையேதான் செய்கிறார்கள் என்று பிறகு படித்தேன். மூக்கைப் பொத்திய மாணவிதான் அந்தக் காடியை இரண்டாம் முறை வெட்டினாள்.

கிட்டாரைக் கையில் வைத்திருந்த நாள்களில் கழுத்தின் மேல் ஒட்டியிருந்த கரும்பழுப்புப் பலகையைப் பற்றியும் கேள்வி வந்தது. ரோஸ்வுட் என்றால் ஏதோ அயல்நாட்டு மரம் என்று நினைத்திருந்தார்கள். அது நம் மேற்குத் தொடர்ச்சி மலையின் ஈட்டி மரம். தோதகத்தி என்றும் சொல்வோம். உலகின் பெரிய கிட்டார் நிறுவனங்கள் பலவும் இந்த மரத்தை நாடுகின்றன. தமிழ்நாட்டில் அதைப் பாதுகாக்க 1994இல் தனிச்சட்டமே வந்தது. 2017இல் அந்தப் பேரின மரங்கள் அனைத்தும் பன்னாட்டு வணிகக் கட்டுப்பாட்டுக்குள் வந்தன. இசைக்கலைஞர்கள் தங்கள் வாத்தியத்தோடு நாடுவிட்டு நாடு போவதில் குழப்பம் ஏற்பட்டதால், செய்து முடித்த இசைக்கருவிகளுக்கு 2019இல் விலக்குத் தந்தார்கள். பலகை வந்த வழியைச் சமூக அறிவியல் ஆசிரியர் வரைபடத்தில் எடுத்துக்காட்டினார். மேளக்காரர்கள் வேறு வழி கண்டிருக்கிறார்கள் என்பதையும் சொன்னோம். 2022இல் புவிசார் குறியீடு பெற்ற நரசிங்கம்பேட்டை நாகசுரத்துக்கு ஆச்சா மரம், அதுவும் இடித்த பழைய வீடுகளின் தூணும் உத்தரமுமாகக் கிடைக்கும் முதிர்ந்த மரம்தான் சிறந்தது. பழைய வீடு சுரமாகிறது. அதன் சீவாளியோ ஆற்றோர நாணல்.

அரிய மரம் இல்லாமல் நல்ல ஒலி வராதா என்று ஒருவன் கேட்டான். ஸ்பெயினின் அந்தோனியோ டி டோரஸ் 1862இல் முதுகும் பக்கங்களும் காகிதக் கூழ் அட்டையால் ஆன ஒரு கிட்டார் செய்தார். மேற்பலகைதான் ஒலிக்கு முதன்மை என்று காட்டுவதற்காக. அது இன்றும் பார்சிலோனா அருங்காட்சியகத்தில் இருக்கிறது. நம் வீணையின் மேல்குடம்கூட முன்பு சுரைக்குடுவை, இப்போது பெரும்பாலும் காகிதக் கூழ்தான்.

இதைச் செய்துபார்க்க விரும்பும் ஆசிரியர்களுக்கு ஒரு எச்சரிக்கை. 'வீட்டில் இருக்கும் இயற்கைப் பொருள்' என்று பொதுவாகச் சொன்னால் எதுவும் வரும். கஞ்சிராவுக்கு முன்பு உடும்புத் தோல் கட்டினார்கள். கிட்டார் மீட்டும் வில்லைக்கு அழுங்காமையின் ஓட்டைப் பயன்படுத்தினார்கள். இரண்டும் 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின்படி குற்றம். பழைய பொருள்தானே, தாத்தா காலத்தது என்று பிள்ளைகள் கொண்டுவந்தாலும் வாங்காதீர்கள். காரணத்தை முதல் நாளே சொல்லிவிடுங்கள், அதுவே நல்ல பாடம். எங்கள் ஊரிலிருந்து போய்வரும் தொலைவில்தான் மானாமதுரை இருக்கிறது. 2023இல் புவிசார் குறியீடு பெற்ற அந்த மண்பாண்டக்காரர்கள் கடம் செய்வதைப் பார்க்க அடுத்த பருவத்தில் பிள்ளைகளை அழைத்துப்போகக் கேட்டிருக்கிறேன். ஒரே மண்ணில் தண்ணீர்ப் பானையும் கடமும் எப்படி வேறுபடுகின்றன என்று தட்டிப் பார்க்க வேண்டும்.

கலைத் திருவிழாவில் எங்களுக்குப் பரிசு கிடைக்கவில்லை. கிட்டார் வாசித்த மாணவி பாதியில் ஒரு வரியை மறந்துவிட்டாள். நட்டு நன்றாகவே நின்றது.

மீதமிருந்த எலும்புத் துண்டை அறிவியல் ஆய்வக அலமாரியில், பனங்கொட்டைக்கும் கிரானைட் சில்லுக்கும் நடுவில் அந்தப் பையன் வைத்திருக்கிறான். எல்லாவற்றுக்கும் பெயர்ச்சீட்டு எழுதும் பொறுப்பை அவனிடமே கொடுத்திருந்தேன். அந்தச் சீட்டில் இப்படி எழுதியிருக்கிறான்: 'மாட்டுக்கால் எலும்பு. கிட்டார் நட்டு செய்தது போக மிச்சம். தொட்டுப் பார்க்கலாம்.'